கடன் திரும்புமா? கணக்குப் போடும் மாணவர்கள்

அமெரிக்காவில் மே மாதம் பல கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்குகிறது. மாணவர்கள் பலர் விடுமுறையை வீணாக்குவதில்லை. ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்து வேலை பழகுகிறார்கள்.

வீட்டு அடமானக் கடனில் உள்ள அபாயத்தை அளந்து பார்ப்பது அப்படிப் பழகும் வேலைகளில் ஒன்று. பெயர் பெரிது, விஷயம் எளிது. கொடுத்த கடன் திரும்பி வருமா, வராதா? அதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும்.

ஃபானி மே, ஃபிரெட்டி மாக் என்ற இரு பெரிய கம்பெனிகள் இவ்வாறு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. முதலாவது 1938-லும், இரண்டாவது 1970-லும் சர்க்கார் ஏற்பாட்டில் தோன்றியவை. இவை மக்களுக்கு நேராகக் கடன் கொடுப்பதில்லை. பாங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்குகின்றன. அந்தப் பணத்தைக் கொண்டு பாங்கிகள் வேறு குடும்பங்களுக்குக் கடன் தருகின்றன.

மூன்று கேள்விகள்

கடன்காரரின் வருமானத்தில் தவணைக்கு எவ்வளவு போகும்? பழைய கடன்களை அவர் ஒழுங்காகக் கட்டினாரா? வீட்டு விலையில் கடன் எத்தனை பங்கு? இந்த மூன்றுமே அடிப்படைக் கேள்விகள்.

4 லட்சம் டாலர் வீட்டுக்கு 3,20,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விலை 3 லட்சமாகச் சரிந்தால் என்ன ஆகும்? வீட்டை விற்றாலும் 20,000 டாலர் பாக்கி நிற்கும். அதே சமயத்தில் வேலையும் போய்விட்டால்? இப்படிப்பட்ட கெட்ட காலத்தை எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும்.

2008-ன் பாடம்

இந்தக் கேள்விகளை ஒரு காலத்தில் பலர் கேட்கவில்லை. வருமானத்துக்கு அத்தாட்சி பாராமலே கடன்கள் கொடுக்கப்பட்டன. முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு. பிறகு ஒரேயடியாக ஏறும். வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. விலை சரிந்தது. தவணைகள் நின்றன. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

2008 செப்டம்பரில் இவ்விரு கம்பெனிகளையும் சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 18,700 கோடி டாலருக்கு மேல் பணம் போட்டுத் தாங்கியது. பிற்காலத்தில் கம்பெனிகள் அதைவிட அதிகமாகவே சர்க்காருக்குச் செலுத்தின. ஆனால் இழந்தவர்களுக்கு வீடு திரும்பவில்லை.

கடன்காரரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே வீட்டுக் கடன் தர வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

இரு பக்க அபாயம்

கணக்கு தளர்ந்தால், தாங்க முடியாத கடன் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். கணக்கு மிதமிஞ்சி இறுகினால், நாணயமாகக் கட்டக்கூடிய தொழிலாளிக்கும் வீடு கிடைக்காது. இரண்டும் அநியாயமே.

இளைஞர்கள் சில வாரங்களில் நிபுணர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் ஒன்றை அவர்கள் உணர்ந்தால் போதும். காகிதத்தில் இருப்பது வெறும் எண். அதன் பின்னால் இருப்பது ஒரு குடும்பத்தின் 30 வருஷ உழைப்பு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது கடன் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும் பொருந்தும்.