ஆர் பெரிய ஆட்டக்காரன்?

மில்லிக்கன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்தான். மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்பதில் ஐந்து நிமிடம் போய்விடும். மிச்ச நேரத்துக்குள் எங்கள் மேசையில் ஒரு வழக்கு நடக்கிறது. உலகத்தில் பலமான செஸ் ஆட்டக்காரர் யார் என்பதுதான் வழக்கு. 2024 ஏப்ரலில் தொடங்கியது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்று புதிதாக வந்த குடும்பங்களுக்குத் தெரிந்திருக்காது. உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தெரிவு செய்யும் 'கன்டிடேற்ஸ்' போட்டி எங்களுடைய இந்த ரொறன்ரோவில்தான் நடந்தது. குயின் வீதி மேற்கில் 'த கிரேற் ஹோல்' என்ற பழைய மண்டபத்தில் ஆண்களில் எட்டுப் பேர், பெண்களில் எட்டுப் பேர், ஆளுக்கு 14 ஆட்டங்கள். இந்தப் பதினாறு பேரில் மூன்று பேர் சென்னையில் வளர்ந்த பிள்ளைகள்: 17 வயதுக் குகேஷ், பிரக்ஞானந்தா, பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி. ஒரு வீட்டின் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் இந்தப் போட்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டீல்ஸ் வீதியில் 53 பஸ் பிடித்து, சுரங்க ரயில் ஏறி, பிறகு குயின் வீதி ஸ்ட்ரீட்காரும் எடுத்தால் அந்த மண்டபத்து வாசலில் இறங்கலாம். எங்கள் மேசையில் ஒருவரும் போகவில்லை. ஆட்டம் தொடங்குவது பின்னேரம், எங்களுக்கும் பின்னேர ஷிஃப்ட். இடைவேளையில் கைத்தொலைபேசியில் பார்த்தோம்.

குகேஷ் 9 புள்ளியுடன் முதலாவதாக வந்தார். நகமுரா, நெபொம்னியாச்சி, கருவானா மூவரும் அரைப் புள்ளி பின்னால். அதே ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை 7.5க்கு 6.5 என்று வென்று 18 வயதில் உலக சாம்பியனானார். அதற்கு முதல் அந்தப் பட்டத்தை ஆக இளவயதில் எடுத்தவர் கஸ்பரோவ், 1985இல், 22 வயதில்.

"அப்ப வழக்கு முடிஞ்சுது. குகேஷ்தான் பெரிய ஆட்டக்காரன்" என்றேன் நான்.

பொதி கட்டும் பகுதியில் நிற்கும் வவுனியாத் தம்பி விடவில்லை. "அண்ணை, சாம்பியன் எண்டது வேற, பலம் எண்டது வேற. கார்ல்சன் 2022இல தானே பட்டத்தை வேண்டாமெண்டு விட்டவர். ஒருத்தரும் அவரிட்ட இருந்து பறிக்கேல்லை."

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோர்வேக்காரர் மக்னஸ் கார்ல்சன் 2013இல் சென்னையில் வைத்து எங்கள் ஆனந்தைத் தோற்கடித்துச் சாம்பியனானவர். 2011 யூலையில் தரப்பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்தவர், 2025 முடியும்வரை இறங்கவில்லை. பட்டம் போனது அவராக விட்டதால்தான். 2025 யூன் 1ஆம் திகதி நோர்வேயில் குகேஷ் அவரை முதன்முதலாக நீண்ட ஆட்டத்தில் வென்றபோது அவர் மேசையில் குத்தினாரே, அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே போட்டியின் முதல் சுற்றில் குகேஷை வென்றவரும் அவர்தான், கடைசியில் போட்டியில் முதலாவதாக வந்தவரும் அவர்தான். அந்தப் படத்தை எங்கள் ஆட்கள் ஒருவரும் அனுப்பவில்லை.

இயந்திரம் திருத்தும் பருத்தித்துறை அண்ணருக்கு இதெல்லாம் பிடிக்காது. அவருக்கு ஆனந்த் ஒருவர்தான். "தனியா வந்தவனடா" என்பார். மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் கிராண்ட்மாஸ்டரானபோது, முழு இந்தியாவிலும் அவருக்கு முதல் ஒரு கிராண்ட்மாஸ்டர் இல்லை. ரஷ்யர்களுக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நின்றது. ஆனந்த் 2000, 2007, 2008, 2010, 2012 என்று ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். பின்னால் வந்த பிள்ளைகளுக்கு ஆனந்த் இருந்தார், ஆனந்துக்கு ஒருவரும் இருக்கவில்லை என்பது அண்ணருடைய வாதம்.

இதைக் கேட்டுக் கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் அக்கா ஒருநாள் சிரித்தார். உங்கள் ஆனந்த் சின்ன வயதில் எங்கே செஸ் பழகினவர் தெரியுமா என்று கேட்டார். மணிலாவில்! தாயார் சுசீலா ஆறு வயதில் சொல்லிக் கொடுத்தது உண்மை. ஆனால் தகப்பனாரின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் மணிலா போனபோது, அங்கே தொலைக்காட்சியில் செஸ் புதிர்கள் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பையனுக்குப் பைத்தியம் முற்றியது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் பிலிப்பைன்ஸ்காரர்தான், யூஜின் ரொறே, 1974இல். அண்ணர் இரண்டு நாள் பேசவில்லை.

இப்படியே போனால் வழக்கு முடியாது என்று, தம்பி இலக்கங்களைக் கொண்டுவந்தார். செஸ்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தர இலக்கம் உண்டு. அமெரிக்காவில் பௌதிகவியல் படிப்பித்த, ஹங்கேரியில் பிறந்த ஆர்பட் ஈலோ என்பவர் அமைத்த முறை. உலகச் செஸ் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. கணக்கு இலேசானது. உங்களிலும் 200 கூடியவரோடு 100 ஆட்டம் ஆடினால் அவருக்கு ஏறக்குறைய 76 புள்ளி, உங்களுக்கு 24. சமமானவரை வென்றால் இலக்கம் கொஞ்சம் ஏறும், பலமானவரை வென்றால் நிறைய ஏறும், பலவீனமானவரிடம் தோற்றால் விழும்.

இதன்படி பார்த்தால் கார்ல்சன் 2014இல் எட்டிய 2882தான் இதுவரை மனிதர் ஒருவர் தொட்ட உச்சம். கஸ்பரோவின் உச்சம் 1999இல் 2851. அமெரிக்கர் பொபி பிஷருடையது 1972இல் 2785. ஆனந்தினுடையது 2011இல் 2817. அப்படியென்றால் ஆனந்த் பிஷரிலும் பலமானவரா? அண்ணர் உடனே ஓம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. 1972இல் பிஷருக்கு அடுத்ததாக நின்ற ஸ்பாஸ்கியின் இலக்கம் 2660. முதலாம் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையில் 125 புள்ளி. அப்படி ஒரு இடைவெளியில் ஆனந்த் ஒருநாளும் நிற்கவில்லை.

இந்த இலக்கம் தராசில் நிறுப்பது போன்றதல்ல என்பதை எங்கள் மேசைக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பிள்ளைகளை முதுகோடு முதுகு நிற்பாட்டி உயரம் பார்ப்போமே, அது போன்றது. பக்கத்தில் நிற்பவனைவிட நீ எவ்வளவு உயரம் என்றுதான் சொல்லும். 1972இல் நின்ற வரிசையையும் 2014இல் நின்ற வரிசையையும் ஒரே சுவரில் கோடு போட்டு அளக்க முடியாது. சம்மேளனமே இந்தக் கோட்டை அழித்துக் கீறுகிறது. 2024 மார்ச் 1ஆம் திகதி, 2000க்குக் கீழ் இருந்த எல்லோருக்கும் ஒரு கணக்கின்படி புள்ளி கூட்டினார்கள். முதல்நாள் 1500 என்று படுத்தவர் விடிய 1700 என்று எழும்பினார். ஒரு காய் நகர்த்தவில்லை.

உண்மையில் உலகத்தில் ஆகப் பலமான ஆட்டக்காரர் எங்கள் சட்டைப் பைக்குள் இருக்கிறார். 1997இல் கஸ்பரோவை வெல்ல ஐபிஎம் நிறுவனத்துக்கு அலுமாரி அளவில் கணினி தேவைப்பட்டது. இப்போது கைத்தொலைபேசியில் இலவசமாக இறக்கும் ஸ்டொக்பிஷ்ஷிடம் கார்ல்சனே தோற்பார். அதைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. சண்டை மனிதரைப் பற்றித்தான்.

பிலிப்பைன்ஸ் அக்காதான் இன்னொன்றையும் கேட்டார்: உங்கள் பட்டியலில் ஏன் பெண்கள் இல்லை? ஹங்கேரியின் யுடித் போல்கார் 2005இல் ஆண்கள் பெண்கள் எல்லோருக்குமான பட்டியலில் உலகில் எட்டாம் இடத்தில் நின்றவர். 2002இல் மொஸ்கோவில் கஸ்பரோவை வென்றவர். பெண்களுக்கென்று தனியாக இருக்கும் உலகப் பட்டத்தை அவர் தேடிப் போகவேயில்லை. ரொறன்ரோவில் வைஷாலி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றபின், கடைசி ஐந்தையும் தொடர்ந்து வென்று இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஐந்து ஆட்டத்தை நான் குகேஷின் வெற்றிக்குப் பக்கத்தில் வைப்பேன்.

இவ்வளவும் கேட்டபின் என் மனதில் உறுத்துவது வேறு. நாங்கள் பேசும் பெயரெல்லாம், பலகைக்கு முன்னால் உட்காரக் கிடைத்தவர்களின் பெயர். உட்காருவதே ஒரு பாடு. 2024 மார்ச் தொடக்கத்தில், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வீரர்கள் பலருக்குக் கனடா விசா இன்னும் வரவில்லை என்று சம்மேளனமே பகிரங்கமாக முறையிட்டது. விசா என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு எல்லோருக்கும் கிடைத்தது. ரொறன்ரோவில் குகேஷைத் தோற்கடித்த ஒரே ஆள் அலிரெசா பிரூஸ்ஜா. ஈரானில் பிறந்தவர், 2019இல் அந்த நாட்டுக்கு ஆடுவதை விட்டு, கொடியில்லாமல் சம்மேளனத்தின் பெயரில் ஆடி, 2021இல் பிரான்சுக்காரரானவர். அந்த ஏழாம் சுற்றுத் தோல்விக்குப் பிறகு குகேஷ் ஒன்றும் தோற்கவில்லை. பதின்மூன்றாம் சுற்றில் பிரூஸ்ஜாவையே வென்று முன்னுக்கு வந்தார்.

மிர் சுல்தான் கானைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? பஞ்சாப் கிராமத்தவர். 1929இல் ஒரு பெருநிலக்காரரோடு லண்டன் வந்தார். ஊரில் பழகியது இந்தியச் சட்டப்படியான சதுரங்கம். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். வந்த வருடமே பிரித்தானியச் சாம்பியன். 1932, 1933இலும் அவரே. முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையும் ஒருமுறை வென்றார். 1933 முடிவில் நிலக்காரர் திரும்பினார், இவரும் திரும்பினார். மிச்சக் காலம் கமம். கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 1950இல்தான் சம்மேளனம் முறையாகக் கொடுக்கத் தொடங்கியது. இவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024 பெப்ரவரியில். 1966இல் இறந்துவிட்டார்.

நான் பார்த்த ஆகப் பலமான ஆட்டக்காரருக்கு அதுவும் இல்லை. 2009இல் செட்டிகுளத்து முகாமில், நிவாரணப் பெட்டி மட்டையில் கரியால் கட்டம் கீறி, போத்தல் மூடிகளைக் காயாக வைத்து ஆடுவோம். எங்கள் கூடாரத்துக்கு இரண்டு கூடாரம் தள்ளி ஒரு கணக்கு வாத்தியார். மூடியில் எது குதிரை எது மந்திரி என்று நாங்களே மறந்துவிடுவோம், அவர் மறக்கமாட்டார். பலகைக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு எங்கள் மூன்று பேரோடு ஒரேயடியாக ஆடுவார். ஒருநாளும் தோற்றதில்லை. அவருடைய இலக்கம் எவ்வளவு என்று தம்பி கேட்டார். என்ன சொல்ல?

சென்னையில் ஏன் இத்தனை பேர் என்பதற்கு ஆட்கள் இரத்தம், மூளை என்று காரணம் சொல்வார்கள். 2024இல் குகேஷ் வென்றவுடன் தமிழ்ப் பிள்ளையா தெலுங்குப் பிள்ளையா என்றும் ஒரு வழக்கு நடந்தது. வீட்டில் தெலுங்கு, வளர்ந்தது சென்னையில், இதில் பிரிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த காரணம் பலகைதான். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மனுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். சென்னையின் சோவியத் கலாசார நிலையத்தில் 1972இல் தால் செஸ் கழகம் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் அங்கேதான் பெரியவர்களோடு உட்கார்ந்தான். பிறகு பயிற்சியாளர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடங்கள் விடுப்புக் கொடுத்தன. குகேஷின் தகப்பனார் காது மூக்குத் தொண்டை வைத்தியர், மகனோடு ஊர் ஊராகப் போகத் தன் வைத்தியத்தையே நிறுத்தினார். எங்கள் ஆட்களில் யாருக்கு அது முடியும்? மூன்று கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வாடகை நிற்கும்.

எங்கள் தொடர்மாடியில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை இருக்கிறாள். வந்து ஒன்றரை வருடம். கட்டடத்தில் அவளை வெல்ல ஆளில்லை. தரப் போட்டியில் ஆடக் கனடா செஸ் சம்மேளனத்தில் அங்கத்துவம் வேண்டும், நுழைவுக் கட்டணம் வேறு. எல்லாவற்றையும்விட, சனி ஞாயிறு முழுநாளும் ஒரு பெரிய ஆள் கூட இருக்க வேண்டும். தகப்பனுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம். தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த வருடம் மூன்று குடும்பம் சேர்ந்து முறை போட்டுக்கொண்டோம், ஒரு போட்டிக்கு ஒரு கார். மற்றக் குடும்பங்களும் செய்யலாம். பெரும்பாலான போட்டிகளில் தரத்தின்படி பிரிவு உண்டு, புதியவர்கள் புதியவர்களோடு ஆடலாம். ரொறன்ரோ நூலக அட்டைக்குக் காசில்லை. மில்லிக்கன்காரருக்குக் கோல்ட்ஹோக் பார்க் கிளை கிட்ட. செஸ் புத்தகங்கள் அங்கே கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

பிள்ளைக்கு முதல் இலக்கம் வந்துவிட்டது, மூன்று தானத்தில். தகப்பன் என்னிடம் கார்ல்சனுக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார். அடுத்தது என்னுடைய முறை.