பொறியும் நெறியும்: காற்றுக் கதவு அகன்றால் வலிமை கூடுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் கார் வைத்திருப்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. அக்கார்களுள் டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் வண்டிகளும் பல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வழியே சொந்த ஊர் சென்று திரும்ப அவை பெரிதும் உதவுகின்றன. தவணை தந்தையின் பெயரில், ஓட்டுவது மைந்தன். அம்மைந்தர்களிடையே ஓர் ஆசை பரவி வருவதைக் காண்கிறோம். எஞ்சினிலுள்ள ‘திராட்டில் பாடி’யைக் கழற்றிவிட்டு, அதனினும் அகன்ற வாயுடைய ஒன்றை மாட்டினால் வண்டி சீறிப் பாயும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கான பணம் வீட்டில் கேட்கப்படும்போது, கொடுக்க மனமில்லாத பெற்றோரும் மறுப்பதற்குக் காரணம் கூற அறியாது திகைக்கின்றனர். அவர்கள் பொருட்டும், காரணம் கேட்டுத் தெளியும் இயல்புடைய இளைஞர் பொருட்டும் இம்மாதப் பகுதியை எழுதுகின்றோம்.

திராட்டில் என்பது எஞ்சினுக்குச் செல்லும் காற்றின் வழியில் நிற்கும் ஒரு கதவு. உருண்டையான குழாய்க்குள் வட்டத் தகடு ஒன்று. அதன் நடுவே ஓர் அச்சு. காலால் மிதியை அழுத்தினால் தகடு திரும்பி வழிவிடும். பெட்ரோல் எஞ்சினின் தலையான உணவு காற்றே. உள்ளே வந்த காற்றின் அளவைப் பார்த்தே பெட்ரோல் அளந்து விடப்படுகிறது. ஆதலின், கதவு அகன்றால் காற்று மிகும், காற்று மிகுந்தால் வலிமை மிகும் என்று கணக்கிடுவது இயல்புதான். டர்போ இல்லாத எஞ்சினில் இக்கணக்கில் ஓரளவு உண்மையும் உண்டு. டர்போ எஞ்சினுக்கு வரும்போதுதான் அது பிசகுகிறது. இதை விளக்குவதற்கு நமது பெங்களூரின் பழைய வரலாறு ஒன்றே போதும்.

வால்சந்த் ஹீராசந்த் 1940-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் துணையோடு இங்கே தொடங்கிய விமானத் தொழிற்சாலையே பிற்காலத்தில் எச்.ஏ.எல். என்று பெயர் பெற்றது. போர்க்காலத்தில், 1943-இல், அது அமெரிக்க விமானப்படையின் நிர்வாகத்தில் பழுதுபார்க்கும் பணிமனையாயிற்று. போர் முடிந்ததும் அமெரிக்கத் தயாரிப்பான ‘லிபரேட்டர்’ என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பல, மீண்டும் பறக்க இயலாதபடி சிதைக்கப்பட்டுக் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றுள் 40-க்கும் மேற்பட்டவற்றை எச்.ஏ.எல். மீட்டது. அங்கே ஒருவாறு பறக்கும் நிலைக்குக் கொணர்ந்து, பெங்களூருக்குப் பறந்து வரச் செய்து, இங்கே முழுமையாகச் செப்பனிட்டது. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி அவ்விமானங்களைக் கொண்டே அமைக்கப்பெற்றது. 1968 வரை அவை பணியாற்றின. குப்பையென்று பிறர் எறிந்ததை இருபதாண்டுக் காலம் பறக்கவிட்ட அத்தொழிலாளரின் திறமை இவ்வூரில் வாழும் நம் அனைவருக்குமே பெருமை தருவது.

நிற்க. அந்த லிபரேட்டரின் நான்கு எஞ்சின்களும் டர்போ பொருத்தியவை. பிராட் அண்டு விட்னி நிறுவனத்தார் செய்த 14 சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொன்றும் சுமார் 1,200 குதிரைத் திறன் உடையது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். எஞ்சின் மூச்சுத் திணறும். இதற்கு அவர்கள் கண்ட வழி யாது? கார்புரேட்டரின் வாயை அகலப்படுத்தினார்களா? இல்லை. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் மெல்லிய காற்றைப் பிடித்து அழுத்தி, இன்டர்கூலரில் குளிரச் செய்து, அதன் பின்னரே கார்புரேட்டருக்கு அனுப்பினார்கள். திராட்டில் தகடு இருந்தது அந்தக் கார்புரேட்டரில். எனவே, விமானம் வானில் எவ்வளவு உயரே இருந்தாலும், அக்கதவின் வாயிலில் வந்து நின்றது ஏறக்குறைய கடல்மட்டத்துக் காற்றே. கதவுக்குத் தான் மலைமேல் இருப்பதே தெரியாது!

இந்த உத்தியின் ஆற்றல் 1918-லேயே சோதித்துக் காட்டப்பட்டது. சான்ஃபோர்டு மாஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ‘லிபர்ட்டி’ என்னும் விமான எஞ்சினை 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள பைக்ஸ் மலைச் சிகரத்துக்கு ஏற்றிச் சென்றார். கடல்மட்டத்தில் 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின் சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. டர்போவைச் சேர்த்ததும் 356 தந்தது. குறை இருந்தது காற்றின் அடர்த்தியில். கதவின் அகலத்தில் அன்று.

நமது பெங்களூரும் ஒரு சிறு சிகரம்தான். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. சென்னையில் 101 கிலோபாஸ்கலாக உள்ள காற்றழுத்தம் இங்கே ஏறத்தாழ 91 தான். பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் சென்னையிலிருந்து இங்கு ஏறி வருவதற்குள் தன் வலிமையில் ஏறக்குறைய அவ்வளவை இழந்து விடுகிறது.

இனி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்கு ஓடிவிட வேண்டா; பெருக்கலும் வகுத்தலுமே உண்டு. ஒரு லிட்டர் கொள்ளளவும் சுமார் 120 குதிரைத் திறனும் உடைய டர்போ எஞ்சின் முழு வலிமையில் ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 90 கிராம் காற்றை உண்ணும் எனக் கொள்வோம். டர்போ அதனை 200 கிலோபாஸ்கலுக்கு அழுத்துகிறது. இன்டர்கூலர் 50 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கிறது. அந்நிலையில் அந்த 90 கிராம் காற்றின் பருமன் 42 லிட்டர். டர்போ இன்றி, பெங்களூர்க் காற்றை உள்ளபடியே 30 பாகை வெப்பத்தில் உறிஞ்சுவதாயின் அதே 90 கிராமுக்கு 86 லிட்டர் வேண்டும். ஒரே வலிமைக்கு, டர்போ எஞ்சினின் கதவு வழியே செல்லும் காற்றின் பருமன் பாதியளவே என்பது இதனால் விளங்கும்.

கதவின் வாய் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 42 லிட்டர் காற்று அதன் வழியே வினாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் செல்லும். வாயை 60 மில்லிமீட்டராக அகற்றினால் வேகம் 15 மீட்டராகத் தணியும். வேகம் தணிந்ததால் தடையும் தணியும் என்பது உண்மைதான். எவ்வளவு? கால் கிலோபாஸ்கல். இருநூறில் கால், அதாவது 800-இல் ஒரு பங்கு! அதனையும் வண்டி நமக்குத் தனியாக அளிக்கப் போவதில்லை. இக்காலக் கார்களில் கதவைத் தாண்டி எஞ்சினின் அருகே உள்ள அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அங்கே கால் கிலோபாஸ்கல் குறைந்தால், புகையைத் திருப்பிவிடும் ‘வேஸ்ட் கேட்’டைச் சற்றே மூடி, டர்போவை இன்னும் சிறிது சுழலச் செய்து, குறையை அதுவே நிரப்பிவிடும். ஆகவே, பணம் கொடுத்து வாங்கப்படும் அகலம் இலவசமாகக் கிடைப்பதற்கு மேல் ஒன்றும் தருவதில்லை.

அப்படியாயின் பெங்களூரின் உயரம் யாரைத்தான் வருத்துகிறது? டர்போவை. சென்னையில் 101-ஐ 200 ஆக்க இருமடங்கு அழுத்தினால் போதும். இங்கே 91-ஐ 200 ஆக்க 2.2 மடங்கு அழுத்த வேண்டும். அதனால் சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. இந்த நிலையில் டர்போவுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு தடையும் பன்மடங்காகும். தூசி படிந்த காற்று வடிகட்டியில் ஒரு கிலோபாஸ்கல் இழந்தால், அழுத்திய பக்கத்தில் அது 2.2 கிலோபாஸ்கல் இழப்பாகிறது. மேற்சொன்ன அகன்ற கதவு மீட்டுத் தருவதாகக் கண்ட கால் கிலோபாஸ்கலோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மெட்ரோ வேலையும் சாலை வேலையும் ஓயாத இவ்வூரின் தூசியில், குறித்த காலத்துக்கு முன்பே வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களின் இடுக்கிகள் தளர்ந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பாடுபட்டு அழுத்திய காற்று அங்கே கசிந்து போவதுண்டு. வண்டி ‘இழுக்கவில்லை’ என்று குறைபடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவையே.

அகன்ற கதவால் பயனில்லை என்பதோடு நின்றாலும் பொறுத்துக் கொள்ளலாம். கேடும் உண்டு. தகடு பெரிதானால் மிதியைச் சிறிதே தொட்டாலும் அதிகமான வழி திறக்கும். சில்க் போர்டு சந்திப்பில் அடிமேல் அடி வைத்து நகரும்போது வண்டி குதிக்கும். முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இது விளையாட்டன்று. (குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைப்பதே தவறு என்பதை வேறோர் இதழில் எழுதியாக வேண்டும்.) மேலும், எத்தனை பாகை திறந்தால் எவ்வளவு காற்று வரும் என்ற பட்டியல் பழைய தகட்டின் அளவுக்கே கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்கிறது. தகட்டை மாற்றிப் பட்டியலை மாற்றாவிட்டால், நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடும். எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கும்.

பெரிய கதவு எவருக்குமே வேண்டாவா என்றால், அப்படியும் கூறமாட்டோம். பந்தயத்துக்காகப் பெரிய டர்போ பொருத்தி, எஞ்சினின் வலிமையை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு ஆக்குவோர் உளர். அவர்களுக்கும் ஊகம் தேவையில்லை. கதவுக்கு முன் ஓர் அழுத்தமானியும் பின் ஓர் அழுத்தமானியும் வைத்து, மிதியை முழுதும் அழுத்தி, எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும்போது இரண்டையும் படித்தால் போதும். வேறுபாடு ஓரிரு கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் கதவு தடையாக இல்லை. அதற்கு மேல் விரிந்து சென்றால், இன்டர்கூலரிலிருந்து வரும் குழாயின் உள்வாய் எவ்வளவோ அவ்வளவுக்குக் கதவைத் தேர்ந்தெடுக்கலாம். குழாயினும் பெரிதாய்க் கதவை வைத்தால், காற்று ஓரிடத்தில் விரிந்து மறுபடியும் குறுகுவதில் வீண் சுழிப்புத்தான் மிஞ்சும். கோவையை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொறியியல் மாணவர்கள் தாமே செய்த கார்களோடு போட்டியிடும் ‘ஃபார்முலா பாரத்’ பந்தயத்தில் பெட்ரோல் எஞ்சினின் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியே செல்ல வேண்டும் என்பது விதி. அத்துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும், அதற்குமேல் ஒரு கிராமும் கூடாது. அங்கே 60 மில்லிமீட்டர் கதவு வைத்து ஆவது யாது? நெருக்கும் கழுத்து எங்கே என்று தேடிய பின்னரே வாயை அகற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்பதை அம்மாணவர்கள் முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

பெற்றோர் அறிய வேண்டிய சட்டச் செய்தி ஒன்றும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கதவின் அளவு அச்சான்றில் எழுதப்படுவதில்லை எனினும், கதவோடு தொடங்கும் ஆசை கதவோடு நிற்பதில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதமும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகையும் கேள்விக்குள்ளாகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டீசல் கார் வைத்திருப்போர் தமக்கு என்ன அளவு என்று கேட்கக் கூடும். அவர்களுக்கு இவ்வாராய்ச்சியே இல்லை. டீசலில் வலிமையை ஆளுவது எரிபொருளின் அளவு. காற்றைக் கதவிட்டு நெருக்குவதன்று. நம் கிருஷ்ணராஜபுரம் ஷெட்டில் பேணப்படும் ரயில் டீசல் எஞ்சின்களில் ஓட்டுநர் பிடிக்கும் கைப்பிடிக்குத் திராட்டில் என்றே பெயர். அதற்கு 8 படிகளும் உண்டு. ஆனால் அப்பெயருக்குரிய தகடு அவற்றின் காற்று வழியில் கிடையாது.

அடுத்த இதழில், மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறுவது பற்றி எழுதுவோம்.