இரும்புக் கதவும் புதுப் பூட்டும்

உடையார்பாளையத்திலும் சுற்றுப்புறத்திலும் முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் பல. அவர்தம் இரும்புக் கதவுக்கு நாமே பூட்டுப் பொருத்தலாம்.

கதவை மூடி, பூட்டின் நாக்கு நுழையும் இடத்தைக் குறிப்போம். ஆணிமுனையால் சிறு குழி தட்டிவிட்டால் துளைக்கருவி வழுக்காது. சிறிதாய்த் துளைத்துப் பின்னர்ப் பெரிதாக்குவோம். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். துளையோரத்தில் ரெட் ஆக்சைடு பூசினால் துரு ஏறாது. திருகுகளைத் தளர்வாக மாட்டி, கதவு திறந்திருக்கும்போதே சாவியைத் திருப்பிப் பார்த்து, பிறகு இறுக்குவோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாயினும் பொருத்தம் தவறினால் பயனில்லை.

மாற்றுச் சாவியொன்றை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்போம். நள்ளிரவில் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், திருடனைத் தடுக்கும் பூட்டு உதவிக்கு வருவோரையும் தடுக்குமன்றோ? ஆண்டவர் புனித இராயப்பருக்களித்த திறவுகோல்களும் அடைப்பதற்கு மட்டுமல்ல, திறப்பதற்கும் உரியனவே.