நகலும் சுட்டியும்

சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர்களுக்குத் தமிழ்ப்பாடம் சொல்வது எங்கள் தொழில். அவர்களுள் பலருடைய வீடுகளில் யாரேனும் ஒருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ போய்வருகிறவர். ஆகவே வட்டாரத் தொழில்களின் மொழியைப் பற்றிய பாடம் ஒன்றிற்காக, வாணவேடிக்கையின் நிறங்களை விளக்கும் விக்கிப் பக்கம் ஒன்றைப் படியெடுத்துக் கல்லூரியின் மூடுல் தளத்தில் கோப்பாக ஏற்றி வைத்திருந்தோம். பேரியம் நைட்ரேட்டைச் சேர்த்தால் பச்சை நிறம் கிடைக்கும் என்று அதில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த மருந்தை இப்பப் போடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்றாங்க. கோர்ட்டுல தடை போட்டிருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது; 2021இலும் 2023இலும் அதை உறுதிசெய்தது. நாங்கள் படியெடுத்த மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். யாரோ ஒருவர் அந்தச் செய்தியை எப்போதோ சேர்த்துவிட்டிருந்தார். எங்கள் நகலில் மட்டும் காலம் நின்றுபோயிருந்தது. மருந்துக் கலவை அறையில் வேலை பார்ப்பவரின் மகளுக்கு, காலாவதியான செய்தியைப் பாடமென்று கொடுத்திருந்தோம். பிழை முழுக்க எங்களுடையது.

இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்து ஒன்றுண்டு. கல்லூரியின் கற்றல் மேலாண்மை மென்பொருளுக்கும் வெளியே உள்ள விக்கிகளுக்கும் இடையே இருக்க வேண்டியது சுட்டி, நகல் அன்று. அந்தச் சுட்டியும் ஒருவழிப் பாதையாக இருத்தலாகாது.

இரண்டும் ஒரே காலகட்டத்தின் பிள்ளைகள்தாம். வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை 1995இல் இணையத்தில் வைத்தார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் மூடுலின் முதற்பதிப்பை 2002இல் வெளியிட்டார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. மூடுலும் கட்டற்ற மென்பொருளே. ஆனால் கல்லூரிகள் அதற்குக் கடவுச்சொல் போட்டு, பருவம் முடிந்ததும் பாடத்தைப் பூட்டிவிடுகின்றன. தமிழில் சொல்லும்போது 'மூடு' என்னும் ஏவல் அதன் பெயருக்குள்ளேயே அமைந்துவிட்டது தற்செயல்தான். ஆயினும் பொருத்தமாகவே இருக்கிறது.

நண்பர்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம் நமக்குத் தெரியும். விக்கியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே, தேர்வுக்கு முந்தின நாள் பக்கம் மாறிவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை விக்கியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணுக்கு நிலையான சுட்டி உண்டு. மூடுலில் இரண்டு சுட்டிகளைத் தரலாம். ஒன்று, தேர்வுக்குரிய குறிப்பிட்ட திருத்தத்துக்கு. மற்றொன்று, இன்றைய பக்கத்துக்கு. இரண்டையும் ஒப்பிட்டு எது மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று எழுதச் சொன்னால் அதுவே நல்ல பயிற்சி. சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழ்த்துறைக்கு இது புதிய வித்தையா என்ன?

இனி மறுவழிப் பாதை. ஒவ்வொரு பருவத்திலும் நம் மாணவர்கள் எழுதிக் குவிக்கும் ஒப்படைப்புகள் என்னவாகின்றன? மதிப்பெண் விழுந்ததும் வழங்கியின் ஏதோ ஒரு மூலையில் கிடந்து அழிகின்றன. அதே வேளையில், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தில் மின்வடிவில் ஏற்றப்பட்டுள்ளன. இயந்திரம் படித்துத் தந்த எழுத்துகளில் பிழை மலிந்திருக்கும். மனிதக் கண் வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் அங்கே சிவப்பு, பார்த்தது மஞ்சள், மற்றொருவரும் பார்த்துச் சரியென்றால் பச்சை. மெய்ப்புப் பார்த்தவரே பச்சையாக்க இயலாது. ஒரு மாணவருக்குப் பத்துப் பக்கம் என்று ஒப்படைத்தால், பயனர் பெயரைக் கொண்டு வரலாற்றுப் பக்கத்தில் வேலையைச் சரிபார்த்து, மூடுலில் மதிப்பெண் இடலாம். எந்தப் பயனர் பெயர் யாருடையது என்பது மூடுலுக்குள் மட்டும் இருக்கட்டும். எழுத்து பொதுவில், மதிப்பெண் அறைக்குள். இதற்குப் பெரிய மென்பொருள் இணைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு சுட்டியும் ஆசிரியரின் சற்றே கூடுதலான உழைப்பும் போதும்.

ஆனால் எங்கள் பகுதிக்குரிய சிக்கல் ஒன்று எஞ்சி நிற்கிறது. மணிமருந்து, திரி வெட்டு, கட்டை அடுக்கு என்று வீடுகளில் புழங்கும் சொற்களுக்கு மேற்கோள் எங்கே? விக்கிப்பீடியா சொந்த ஆய்வை ஏற்பதில்லை. வெளியிடப்பட்ட சான்று கேட்கும். 'என் அம்மா சொன்னார்' என்பது அங்கே செல்லாது. அந்த விதியை நாம் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வதந்தியும் வரலாறும் ஒன்றாகிவிடும். குறை நம்மிடம் இருக்கிறது. இக்கரிசல் மண்ணில் கி. ராஜநாராயணன் சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக வெளியிட்டதால்தான் சம்சாரிகளின் சொற்களுக்கு இன்று சான்று இருக்கிறது. பட்டாசுத் தொழிலாளரின் சொற்களுக்கு அவ்வாறு யார் செய்தார்கள்?

அதற்கும் மூடுலே தொடக்கமாகலாம். அதற்குள்ளேயே விக்கி எழுதும் வசதி இருக்கிறது. மாணவர்கள் வீட்டில் கேட்ட சொல்லை, கேட்ட ஊரோடும் நாளோடும் அங்கே எழுதட்டும். ஒருவர் எழுதியதை அடுத்த ஊர்க்காரர் மறுக்கட்டும், திருத்தட்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் தேறியதைத் துறை நூலாக வெளியிட்டால், பிறகு விக்கிப்பீடியாவுக்கு அதுவே சான்று. உள்ளே விளைந்தது வெளியே போகும். வெளியே திருந்தியது உள்ளே வரும்.

அந்த மாணவி சொன்ன செய்தியை எங்கள் கோப்பில் சேர்க்க எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நாங்கள் கோப்பைத் திருத்தவில்லை, நீக்கிவிட்டோம். இப்போது அந்த இடத்தில் ஒரு சுட்டி இருக்கிறது. அதற்குக் கீழே, 'இதில் தவறு கண்டால் நீங்களே திருத்துங்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம்.