அடுப்பு குடிக்கும் காற்று

இட்லிக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்பது நம் கணக்கு. தினம் எட்டுப் படி அரிசி செலவாகும் ஓட்டலில் உளுந்து எவ்வளவு செலவாகும்? இரண்டு படி என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ரசாயன மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடுவதும் இப்படித்தான். ஒரு பொருளின் வேகம் தெரிந்தால் போதும். மற்றவற்றின் வேகத்தை விகிதமே சொல்லிவிடும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் 2010-ல் கார்த் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. கார் எஞ்சினில் 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 10 கிராம் பெட்ரோல் எரிந்தால் 147 கிராம் காற்று உள்ளே போக வேண்டும். சுமார் 31 கிராம் கரியமில வாயு வெளியே வரும். காற்று குறைந்தாலோ, பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நம் சமையலறைக்கும் இதே கணக்குத்தான். 14.2 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று தீருவதற்குள் 200 கிலோவுக்கு மேல் காற்றைக் குடித்துவிடுகிறது! ஆகவே, புகைதான் இல்லையே என்று ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். நீலச் சுடர் மஞ்சளானால் அடுப்பை அணைத்து, ஆறியதும் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். காற்று போதவில்லை என்று அடுப்பு முறையிடுகிறது!