அரசுக்கு அடிக்கல் எது?

"சமயம் போதிக்கும் நற்பண்புகளையே அரசுக்கு அடிக்கல்லாக நாட்டினால் நாடு செழிக்காதா?" என்று நம் சங்கத்து அன்பர் சிலர் வினவுகின்றனர். வினா நல்லெண்ணத்தில் பிறந்ததே. எனினும், கூடாது என்பதே நம் விடை. நாத்திகம் பேச நாம் முன்வரவில்லை. வெள்ளிதோறும் விளக்கேற்றும் இல்லங்களே சுனாபட்டியில் நம் இல்லங்கள்.

இவ்வினா புதியதன்று. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்கவேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். நம்பிக்கையில் கட்டாயம் புகலாகாது என்று திருவிதாங்கூர்ப் பட்டம் தாணுப்பிள்ளை மறுத்துரைத்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் வீழ்ந்தது. அவ்வாறு வாக்களித்தோரில் இறைப்பற்று மிக்கோர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வரசியலமைப்பே, பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடவும் செய்யலாம், உளமார உறுதி கூறவும் செய்யலாம் என்று இருவழியும் திறந்து வைத்தது. மைய அரசு எழுத்தர்களாகிய நாமும் அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே பணியேற்றோம். நம்பிக்கை மனிதனுடையது, மேசைக்கு வரும் விண்ணப்பமோ எல்லாருடையது.

"அருளும் வாய்மையும் சமயம் தந்த செல்வங்கள் அல்லவோ?" என்பர். ஆம். அவற்றை ஆள்வோர் நெஞ்சில் தாங்கட்டும். சட்டம் ஒரு சமயத்தை முன்னிறுத்தும்போது அரியணை ஏறுவது அதன் பெயரே. பண்பு வெளியே நின்றுவிடுகிறது. இலங்கையைப் பாருங்கள். 1972-இல் அந்நாட்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை அளித்தது. 1978-இன் அரசியலமைப்பும் அதனை நிலைநிறுத்தியது. பௌத்தம் போதிப்பது கருணை. ஆயினும் 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் இல்லங்கள் எரிந்தபோது, ஏட்டிலிருந்த முதன்மை அவர்களைக் காத்ததா?

மேலும், எவர் சமயத்தை நாட்டுவது? தாராவியில் வாழும் நெல்லைத் தமிழருள் இந்துக்கள் உளர், கிறித்தவர் உளர், இசுலாமியர் உளர். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இம்மாநகரம் சமயத்தின் பெயரால் பற்றியெரிந்தபோது தாராவியும் தப்பவில்லை. அதற்கும் முன்பே, 1960களின் இறுதியில், தென்னிந்தியர் என்பதற்காகவே நம்மவர் தாக்கப்பட்டதை மூத்தோர் அறிவர். பெரும்பான்மையே அளவுகோல் என்று இன்று சமயத்தில் ஒப்புக்கொண்டால், நாளை மொழியில் அதே கோல் நம் தலைமீது விழும். அன்று எந்நீதியைக் கேட்டு நிற்போம்?

வள்ளுவர் செங்கோன்மை உரைத்தார். எச்சமயத்தின் பெயரையும் சொல்லாமலே உரைத்தார். நம் மக்களுக்கு வீட்டிலே பக்தியைக் கற்பிப்போம். வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது, எல்லார்க்கும் பொதுவான நீதியைக் கேட்கவும் அவர்களுக்குக் கற்பிப்போம். அயலூரில் வாழும் நமக்கு அந்நீதியே கூரை. அதனைப் பிரித்தெறிய நாமே கை கொடுக்கலாமா?