கைப்பட்டையும் கூப்பன் புத்தகமும்



பனி கொட்டும் மாதங்களில் நம் சபைக் குடும்பங்கள் பல கியூபாவுக்குச் சென்று வருகின்றன. ரொறன்ரோவிலிருந்து நான்கு மணிநேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். பயணச் செலவு, அறை, உணவு, பானம் யாவும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. விடுதியில் கால் வைத்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதன் பின் ஒரு வாரத்துக்குப் பணப்பையைத் திறக்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இரண்டு வேலை பார்த்துக் களைத்துப்போன தாய் தகப்பன்மார் சில நாள் கடலருகே இளைப்பாறுவதில் குற்றமொன்றுமில்லை. ஓய்வு, கர்த்தர் கட்டளையாகவே நமக்கு அளித்த ஈவு. ஆகையால் விடுமுறையை நான் குறைகூற வரவில்லை. அங்கிருந்து திரும்புகிறவர்கள் சொல்லும் தீர்ப்புகளைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

அத்தீர்ப்புகள் இரண்டு. "சோஷலிசம் என்னவென்று கண்ணால் கண்டுவிட்டோம், கடைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன" என்பது ஒன்று. "அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாயிருக்கிறார்கள்!" என்பது மற்றது. முதலாவது தீர்ப்பு ஒரு ஜனத்தை வாதத்துக்குச் சான்றாக்குகிறது. இரண்டாவது அவர்களைக் காட்சிப்பொருளாக்குகிறது. ஏழு நாள் விருந்தாளிக்கு இவ்விரண்டையும் சொல்லத் தகுதியில்லை என்பது என் எண்ணம். குறிப்பாக, நம் ஜனத்துக்கு அந்தத் தகுதி இல்லவே இல்லை.

நம்மவர் அதிகமாய்ச் செல்லும் வரதேரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹவானாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில், மத்தன்சாஸ் மாகாணத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. இருபது கிலோமீற்றருக்கு மேல் வெண்மணற் கரை. அமெரிக்கச் செல்வந்தரான இரேனே டு பொன்ட் 1930-இல் அங்கே 'சனாடு' என்னும் மாளிகையைக் கட்டி முடித்தார். அம்மாளிகை இன்றும் நிற்கிறது. 1959-இல் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெற்றிபெற்றபோது, கடற்கரைகள் எல்லா மக்களுக்கும் உரியவை என்று புதிய அரசு சட்டம் செய்தது. அதுவரை செல்வந்தரின் வேலிகளுக்கு வெளியே நின்றவர்கள் அம்மணலில் நடந்தார்கள். அது நீதியான செயல். அதை நீதியென்று சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை.

ஆனால் 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கியூபா தன் எரிபொருளையும் தன் சந்தையையும் ஒருசேர இழந்தது. உணவும் மருந்தும் மின்சாரமும் தட்டுப்பட்ட அந்நாட்களுக்கு அரசு "விசேட காலம்" என்று பெயரிட்டது. வெளிநாட்டுப் பணத்தைத் தேடிய அரசு, வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து கரையோரம் விடுதிகளை எழுப்பியது. அவ்விடுதிகளில் கியூபக் குடிமக்கள் அறை எடுத்துத் தங்க அனுமதி இருக்கவில்லை. 2008-இல்தான் ராவுல் காஸ்ட்ரோவின் அரசு அத்தடையை நீக்கிற்று. அதன் பின்னும் ஓர் இரவின் வாடகை அவர்களில் பெரும்பாலோரின் மாதச் சம்பளத்தைவிட அதிகமாயிருந்தது. எல்லாருக்கும் உரியதென்று திறக்கப்பட்ட கரையில், ஒரே தலைமுறைக்குள், மறுபடியும் ஒரு வாசலும் ஒரு காவலாளியும் வந்துவிட்டன. வாசலுக்கு உள்ளே இருக்கும் அடையாளம்தான் நம் மணிக்கட்டில் கட்டப்படும் பட்டை.

அந்த வாசலுக்கு வெளியே சற்று நடந்து பாருங்கள். பெருஞ்சாலையோரங்களில் மஞ்சள் சீருடை அணிந்த அரசு ஊழியரைக் காண்பீர்கள். அரசு வாகனங்களை நிறுத்தி, வெற்றிடம் இருந்தால் வழியில் காத்திருப்போரை ஏற்றிவிடுவது அவர்கள் பணி. பேருந்து போதாத நாட்டில், காலியான இருக்கை எவருக்கும் பயனின்றிப் போகலாகாது என்ற ஒழுங்கு அது. கடைவாசலில் பலர் நிழல் தேடி அங்குமிங்கும் அமர்ந்திருப்பர். வரிசையே இல்லாததுபோல் தோன்றும். புதிதாய் வருகிறவர், "கடைசி யார்?" என்று உரக்கக் கேட்பார். ஒருவர் கை உயர்த்துவார். அவருக்கு அடுத்த இடம் தன்னுடையதென்று அறிந்து இவரும் போய் அமர்ந்துகொள்வார். எவரும் இடித்துத் தள்ளுவதில்லை. பல பத்தாண்டுகள் காத்திருந்த ஒரு ஜனம் கற்றுக்கொண்ட நாகரிகம் அது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு கூப்பன் புத்தகம் உண்டு. 1962-இல் தொடங்கிய முறை. அரிசி, அவரை, சீனி, எண்ணெய், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு பாண், ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குப் பால் என்று அந்தந்தக் குடியிருப்பின் கடையில் குறைந்த விலைக்குக் கொடுக்கப்பட்டன. நம் ஊர்ச் சங்கக்கடையை நினைத்துக்கொண்டால் போதும். கிடைப்பது மாதம் முழுவதற்கும் போதாது. காலப்போக்கில் அதுவும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தால் குழந்தைகள் முற்றாய்ப் பட்டினி கிடவாதிருந்த ஆண்டுகளும் உண்டு. அதை நம்பி ஏமாந்த நாட்களும் உண்டு.

அடுத்தது நாம் மேசையில் வைத்துவரும் டிப்ஸ். 1994 முதல் 2020 முடியும் வரை அந்நாட்டில் இரண்டு பெசோக்கள் புழங்கின. சம்பளம் ஒன்றில் கிடைத்தது. நல்ல பொருள்கள் மற்றதில் விற்கப்பட்டன. ஒன்றின் மதிப்பு மற்றதன் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியரும் பள்ளிக்கூட ஆசிரியரும் முதலாவது பணத்தில் சம்பளம் பெற்றார்கள். சுற்றுலாப் பயணியின் பெட்டியைத் தூக்கியவருக்கு இரண்டாவது பணம் கிடைத்தது. படித்தவர்கள் தம் தொழிலை விட்டு விடுதிகளில் பரிமாறவும் வாடகைக் கார் ஓட்டவும் சென்றார்கள். 2021-இன் தொடக்கத்தில் இரட்டை நாணயம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வெளிநாட்டுப் பணம் கையில் வருகிறவருக்கும் வராதவருக்கும் நடுவே இருந்த பள்ளம் மூடப்படவில்லை. நாம் மனமுவந்து கொடுத்த அந்தச் சில டாலர்கள் ஒரு வீட்டை வாழவைத்தன. அதே வேளையில், ஆசிரியர் தம் வகுப்பறையை விட்டு வெளியேறவும் ஒரு காரணமாயின. இரண்டும் மெய்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்வது? 1961-இல் அந்நாடு மாணவரும் தொழிலாளருமாக ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரைத் திரட்டிக் கிராமங்களுக்கு அனுப்பி, ஒரே ஆண்டில் ஏழு இலட்சம் பேருக்கு எழுத வாசிக்கக் கற்பித்தது. அதே நாடு, 1965 முதல் 1968 வரை, போதகர்களையும் விசுவாசிகளையும் இன்னும் பலரையும் கமகுவெய்ப் பகுதியின் வேலை முகாம்களில் அடைத்தது. 1962 முதல் அமெரிக்கா விதித்துவரும் பொருளாதாரத் தடை அந்த ஜனத்தை நெருக்கியது உண்மை. ஒரே கட்சியின் ஆட்சி அவர்கள் வாயை அடைத்ததும் உண்மை. 2021 ஜூலையில் மக்கள் தெருவில் இறங்கி உணவும் மருந்தும் சுதந்தரமும் கேட்டபோது, நூற்றுக்கணக்கானோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். விடுதியில் நமக்குக் கோப்பி ஊற்றும் சகோதரி புன்னகை செய்கிறாரென்றால், அது அவருடைய வேலையின் ஒரு பகுதியென்றாவது நாம் உணரவேண்டும். அரசைக் குறித்து அவரிடம் கேள்வி கேட்டு, அவர் மெல்லச் சிரித்து விலகிச் செல்வதை 'திருப்தி' என்று எழுதிக்கொள்ளலாகாது.

நம் ஜனத்துக்கு இந்தத் தகுதி இல்லவே இல்லை என்று ஏன் சொன்னேன்? நம் சபையின் மூத்தவர்களைக் கேளுங்கள். 1970-களில், சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் ஆட்சியில், விடியுமுன் பாண் வரிசையில் நின்றவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போய், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டியதும் அதே காலந்தான். ஒரே கொள்கை ஒரு வீட்டுக்கு வறுமையாகவும் அடுத்த வீட்டுக்கு வாழ்வாகவும் இருந்ததை அவர்கள் அறிவார்கள். பின்பு 1990-களில், கியூபாவின் "விசேட கால" ஆண்டுகளிலேயே, யாழ்ப்பாணத்தின் மேலும் பொருளாதாரத் தடை விழுந்தது. சவர்க்காரமும் மின்கலமும் பெற்றோலும் வராத நாட்களில், மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்நாட்களில் வெளிநாட்டார் ஒருவர் வந்து நம்மைப் படம் பிடித்து, "ஒன்றுமில்லாமலும் எவ்வளவு மகிழ்ச்சி!" என்று எழுதியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? வரிசையில் நின்ற கைகளில்தான் இன்று விடுதியின் பட்டை இருக்கிறது.

பங்கீட்டைக் குறித்த முறைப்பாடு சபைக்குப் புதிதன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்க அதிகாரங்களில், விசுவாசிகள் உடைமைகளைப் பொதுவாய் வைத்து அனுபவித்ததை மகிழ்ச்சியோடு பிரசங்கிக்கிறோம். ஆறாம் அதிகாரத்தை அவ்வளவாய்ப் பேசுவதில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பரிசுத்த ஆவியால் நிறைந்த சபையிலேயே பங்கீடு தவறியது. அப்போஸ்தலர் செய்ததைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்களை அவர்கள் கலகக்காரர் என்று தள்ளவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சபையையே கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தியின் பொறுப்பு சென்றது.

இதைத்தான் கியூபாவைப் பார்த்து நாம் கற்கவேண்டுமென்று நினைக்கிறேன். சமமாய்ப் பங்கிடும் எண்ணம் நல்லது. அந்த எண்ணத்தைப் பரிகாசம்பண்ண கிறிஸ்தவனுக்கு இடமில்லை. ஆனால் விடப்பட்டுப்போனவரின் முறுமுறுப்பைக் கேட்க மறுக்கும் எந்தப் பங்கீடும், எவ்வளவு நீதியாய்த் தொடங்கினாலும், நாளடைவில் ஒரு வாசலைக் கட்டிக்கொள்ளும். சந்தையும் அப்படியே. சந்தையின் வாசலுக்குக் காவலாளி தேவைப்படுவதில்லை, விலையே காவலாயிருக்கிறது.

கியூபச் சபையின் கதையும் இதற்குச் சாட்சி. 1969-இல் கிறிஸ்து பிறப்பு விழா அரசு விடுமுறைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1998 ஜனவரியில் போப் இரண்டாம் யோவான் பவுல் அங்கே செல்லுமுன், 1997 டிசம்பரில்தான் அது மீண்டும் வந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறை, வேலைநாளிலேயே அப்பண்டிகையை ஆசரித்தது. புதிய ஆலயம் கட்ட அனுமதி அரிதாயிருந்தபடியால் வீடுகளில் கூடினார்கள். வீட்டுச் சபைகள் பெருகின. வரதேரோவிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் சென்றடையக்கூடிய மத்தன்சாஸ் நகரில், 1946-இல் நிறுவப்பட்ட சுவிசேஷ இறையியல் கல்லூரி ஒன்று உண்டு. புரட்சிக்கு முன்னும் பின்னும் அங்கே போதகர்கள் பயிற்றப்பட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அந்நகரைப் பேருந்தின் கண்ணாடி வழியாய் மட்டும் கண்டு கடந்திருக்கிறோம்!

ஆகவே இவ்வாண்டு செல்லவிருப்போருக்குச் சில வேண்டுகோள்கள். குறைந்தது ஓரிரவாவது, உரிமம் பெற்று அறை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குங்கள். 1997 முதல் அதற்குச் சட்டம் இடமளிக்கிறது. அந்தப் பணம் நேரே ஒரு வீட்டுக்குப் போகும். உங்கள் அறையைத் துப்புரவாக்குகிறவரின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி அழையுங்கள். சவர்க்காரம், வலிமாத்திரை போன்றவற்றை அனுமதிக்கப்பட்ட அளவில் கொண்டுசென்று, தெருவில் பிள்ளைகளுக்கு எறியாமல், ஒரு குடும்பத்தின் கையிலோ சபையின் கையிலோ கொடுங்கள். ஞாயிறன்று அங்குள்ள ஆராதனை ஒன்றில் பின்வரிசையில் அமருங்கள். மொழி புரியாவிட்டாலும் அமருங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள்; பேசாவிட்டால் வற்புறுத்தாதிருங்கள்.

திரும்பி வந்தபின், நம் பந்தியையும் பாருங்கள். ஆராதனைக்குப் பின் கீழ்மண்டபத்தில் உணவு பரிமாறும்போது, அண்மையில் வந்து அகதி மனு கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் எந்த மேசையில் அமர்கின்றன? அவர்களுக்குக் குறையிருந்தால் அதை யாரிடம் சொல்வார்கள்? நம் நிர்வாகக் குழுவில் அவர்களில் ஒருவராவது உண்டா? அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் இக்கேள்வியை முன்வைக்க எண்ணியிருக்கிறேன். அதற்குமுன் நீங்கள் ஆறாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்து, ஜெபத்தோடு யோசித்து வாருங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் யாவரோடும் இருப்பதாக.